வைட்டமின் டி போட்டால் சளி வராதா?

கேள்வி: மாதம் ஒருமுறையாவது எனக்குச் சளி, இருமல் வந்துவிடுகிறது. வைட்டமின் டி மாத்திரை போட்டால் சளி கிட்டவே வராது என்கிறாள் தோழி. போடலாமா?

பதில்: உங்கள் தோழி முழுக்கக் கதை விடவில்லை, ஆனால் அந்தக் ‘கிட்டவே வராது’தான் இடிக்கிறது.

வைட்டமின் டி எலும்புக்கு மட்டுமான சத்து இல்லை. மேக்ரோஃபேஜ் என்று ஒருவகை நோயெதிர்ப்பு செல் இருக்கிறது, கிருமியை விழுங்குவதுதான் அதன் வேலை. கிருமி நுழைந்தது தெரிந்ததும் அது ரத்தத்தில் சுற்றும் வைட்டமின் டி-யை எடுத்து, சிறுநீரகம் செய்து தரட்டும் என்று காத்திருக்காமல், தானே வேலைக்கு ஆகும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அதை வைத்து கதெலிசிடின் என்ற புரதத்தைத் தயாரிக்கிறது, இது கிருமியின் மேலுறையைக் குலைத்துவிடும். 2006-ல் காசநோய்க் கிருமியை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் டி குறைவாக இருந்தால் அந்தச் செல்லுக்குச் சரக்குப் போதாது, அவ்வளவுதான்.

சரி, ஆய்வகத்தில் நடப்பது மூக்கிலும் தொண்டையிலும் நடக்குமா? 2017-ல் 25 ஆய்வுகளை, சுமார் 11,000 பேரின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, தினமும் அல்லது வாராவாரம் சிறிய அளவில் எடுத்தவர்களுக்குச் சுவாசத் தொற்று குறைந்திருந்தது, அதிலும் ரத்தத்தில் டி அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு நன்றாகவே. எப்போதாவது ஒரேயடியாகப் பெரிய டோஸ் எடுத்தவர்களுக்குப் பலன் இல்லை. அப்புறம் புதிய ஆய்வுகள் சேரச் சேர அந்தப் பலன் சுருங்கிக்கொண்டே வந்தது. நார்வேயில் 34,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, ஒரு பாதிக்கு வைட்டமின் டி உள்ள காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள், தொற்று குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே டி போதுமான அளவில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறைந்த குடத்தில் இன்னும் ஊற்றி என்ன பயன்?

ஆகவே, குறை இருந்தால் நிரப்புங்கள். 70 வயது வரை பெரியவர்களுக்குத் தினமும் 600 யூனிட், அதற்கு மேல் 800 போதும் என்பது பொதுவான கணக்கு. மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்ட வேண்டாம். இது கொழுப்பில் தங்கும் வைட்டமின், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், தீராத தாகம், சிறுநீரகக் கல் வரை கொண்டுபோய் விடும்.

இன்னொன்று. பெரியவர்களுக்குச் சளி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவது வழக்கம். மாதாமாதம், காய்ச்சலே இல்லாமல், தும்மலும் கண் அரிப்புமாக வருகிறது என்றால் எனக்கு ஒவ்வாமை மேல்தான் சந்தேகம். மாத்திரை வாங்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கண்ணாடி ஜன்னல் ஓரம் வெயில் படும்படி தினமும் உட்கார்ந்து வேலை செய்கிறேன். எனக்கு டி குறையாது அல்லவா?

பதில்: குறையலாம். தோலில் வைட்டமின் டி உருவாக புற ஊதா பி கதிர் வேண்டும், சாதாரண ஜன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். உங்களுக்கு வந்து சேரும் வெளிச்சத்தாலும் சூட்டாலும் டி உருவாகாது. வெளியே போய் நில்லுங்கள், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், கொஞ்ச நேரம், தோல் சிவக்கும் முன் உள்ளே வந்துவிடுங்கள்.