தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லையா?

1935-இல் மயிலாப்பூரில் பிறந்த தாத்தாவின் பெயர் மாநகராட்சிப் பதிவில் இல்லை என்கிறீர்கள். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பெயர் வைக்கும் முன்பே பதிந்திருந்தால் வெறும் ‘ஆண் குழந்தை’ என்றுதான் இருக்கும். கொள்ளுத்தாத்தா பெயர், தெரு இரண்டையும் சொல்லித் திரும்பத் தேடச் சொல்லுங்கள். அப்போதும் இல்லையென்றால், ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கட்டாயம் கேட்பார்கள்.

அப்புறம் அவர் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அரசு வேலை என்றால் பணிப்பதிவேடு, பென்ஷன் புத்தகம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் முதலில் பார்ப்பேன். ஜாதகத்தில் ‘யுவ வருடம், ஆவணி’ என்றிருந்தால் அது 1935 ஆகஸ்ட், செப்டம்பர். ஆபீசில் ஜாதகம் செல்லாது, தேட வேண்டிய பக்கத்தைக் காட்டிவிடும்.