சம்பந்தி வீட்டு வான்கோழி விருந்து

கேள்வி: மதுரையிலிருந்து மகளைப் பார்க்க நியூ ஜெர்சி வந்திருக்கிறேன். மாப்பிள்ளை அமெரிக்கர். தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றித் திருநாளுக்குச் சம்பந்தி வீட்டில் சாப்பிட அழைத்திருக்கிறார்கள். நான் சுத்த சைவம். அங்கே நடு மேசையில் முழு வான்கோழி இருக்குமாம். வருஷா வருஷம் ஒரே சமையல்தானாம். நான் ஏதாவது செய்து எடுத்துப் போனால் தப்பாக நினைப்பார்களா? இங்கிலீஷும் அவ்வளவாக வராது. பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள் அம்மா. நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை, எங்கெங்கோ வேலையில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் பெற்றவர்கள் வீட்டுக்கு வந்துசேரும் நாள். அன்றைக்கு உங்களையும் கூப்பிடுகிறார்கள் என்றால், வீட்டு மனுஷியாக நினைத்துத்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வான்கோழியைத் தவிர்ப்பது சுலபம். அது ஓவனில் மணிக்கணக்காக வேகும், வாசனைக்கு மட்டும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். சைவம்போலத் தெரிகிற பதார்த்தங்களில்தான் சிக்கல். ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங், பார்க்க உப்புமா மாதிரி அப்பாவியாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள், வான்கோழி வயிற்றுக்குள் வைத்தே வேகவைப்பதும் உண்டு. கிரேவி, வான்கோழியிலிருந்து வடிந்த சாறு. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில், விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பூசணியை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ (pie) என்கிற இனிப்பில் முட்டை. கிரான்பெர்ரி சாஸ், மசித்த உருளைக்கிழங்கு இரண்டும் பெரும்பாலும் உங்களுக்கு ஒத்துவரும். எதற்கும் மகளை முன்னாடியே விசாரித்துவைக்கச் சொல்லுங்கள்.

எடுத்துப் போவது தப்பே இல்லை. 'நான் என்ன கொண்டுவரட்டும்?' என்று கேட்பது அங்கே வழக்கம்தான். காரம் குறைத்து எலுமிச்சை சாதம் செய்யுங்கள், கொஞ்சமாக. பீன்ஸ் பொரியல் மட்டும் வேண்டாம். அவர்கள் மேசையில் பீன்ஸ் கேசரோல் என்று ஒன்று இருக்கலாம். 1955-இல் ஒரு சூப் கம்பெனியின் சமையலறையில் உருவான பண்டம் அது. பீன்ஸில் டின்னில் வரும் காளான் சூப்பைக் கொட்டிக் கிளறி ஓவனில் வைத்தால் முடிந்தது. என் நாக்குக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பாட்டி காலத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் அது வந்து உட்காராவிட்டால் சில வீடுகளில் பண்டிகையே இல்லை. அதற்குப் போட்டி வைக்காதீர்கள்.

சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்வது பல வீடுகளில் உண்டு. உங்கள் முறை வந்தால் தமிழிலேயே இரண்டு வரி சொல்லுங்கள், மகள் எடுத்துச் சொல்வாள். நீளமாகப் போகாதீர்கள், எல்லாருக்கும் பசி.

அப்புறம் சம்பந்தியம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: இந்தப் பை யாருடைய கைப்பக்குவம்? அவருடைய அம்மா எழுதிவைத்த சமையல் அட்டை, மாப்பிள்ளை சின்ன வயதில் மேசைக்கு அடியில் செய்த குறும்பு எல்லாம் தானாக வெளியே வரும். உங்கள் இங்கிலீஷ் அதற்குத் தாராளமாகப் போதும்.

வான்கோழியின் கவைபோல இருக்கும் நெஞ்செலும்பைக் காயவைத்து, இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து இழுப்பார்கள். பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ அவர் நினைத்தது நடக்குமாம். தொட மனம் வராவிட்டால் முகம் சுளிக்காமல் மகளைக் கைகாட்டிவிடுங்கள்.

கிளம்பும்போது மீந்ததை டப்பாவில் கட்டித் தருவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் மாப்பிள்ளைக்கு சாண்ட்விச் ஆகிவிடும்.