நஞ்சுக்கொடிச் சாற்றில் புரதம் இருந்தும் கீறல் மூடாதது பற்றி

வணக்கம். ஆட்டு நஞ்சுக்கொடியை 60 டிகிரி செல்சியஸில் சூடாக்கி எடுத்த சாற்றில் புரத அளவு மிகுந்திருந்தும், காயம் ஆற்றும் திறனைச் சோதிக்க ஆய்வகத்தில் வளர்த்த செல்களின் படலத்தில் இட்ட கீறல் மூடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாறு சிவப்பாக இருப்பதாகவும் சொல்வதால், நீங்கள் அளந்த புரதத்தில் பெரும்பங்கு இரத்தத்தின் சிவப்பு நிறப் புரதமான ஹீமோகுளோபினாகவே இருக்கக்கூடும். ஆகவே திசுவைச் சிறு துண்டுகளாக்கி, கழுவுநீர் தெளியும்வரை குளிர்ந்த பாஸ்பேட் உப்புக்கரைசலில் அலசிய பிறகே அரையுங்கள்.

வெப்பத்தை அறவே கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செல்களைப் பெருகத் தூண்டிக் காயம் ஆறுவதற்கு உதவும் புரதமான ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி வெப்பத்திலும் அமிலத்திலும் எளிதில் சிதைவதோடு, திசுவிலுள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியுடன் இறுகப் பிணைந்திருப்பதால், சாதாரணக் கரைசலில் போதிய அளவு வெளிவராது. 4 டிகிரியில், புரதச்சிதைவுத் தடுப்பான் சேர்த்து, அந்தப் பிணைப்பை விடுவிக்கும் 1 முதல் 2 மோலார் செறிவுள்ள சோடியம் குளோரைடு (உப்பு) கரைசலில் பிரித்தெடுத்துப் பாருங்கள். அந்த உப்புச் செறிவே செல்களைக் கொன்றுவிடும் என்பதால், டயாலிசிஸ் மூலம், அதாவது நுண்துளைச் சவ்வின் வழியே, அதை நீக்கி, பாக்டீரியாவைத் தடுக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்திய பின் சோதியுங்கள். பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின் அந்த வடிகட்டியில் நிற்காது. அதைத் தனியே அளக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: மனிதருக்கும் தொற்றக்கூடிய புரூசெல்லோசிஸ், கியூ காய்ச்சல் ஆகிய நோய்களின் கிருமிகள் ஆட்டு நஞ்சுக்கொடியில் பெருமளவில் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதிக்கப்பட்ட மந்தையிலிருந்தே அதைப் பெற்று, உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே அரையுங்கள்.