பில் தொங்குவதற்குக் காரணம் இன்டர்நெட் இல்லை

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொத்த மருந்து விற்பனை செய்கிறோம். கீழே கடை, மாடியில் ஆபீஸ், தெருவுக்கு எதிர்ப்புறம் குடோன். பில்லிங்குக்கு நான்கு கணினிகள், ஒரு பிரிண்டர், எல்லாம் வைஃபையில் ஓடுகின்றன. மாலையில் கூட்டம் வந்தால் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் தொங்கி நிற்கிறது. எட்டு கேமராவும் சேர்த்துப் புதிதாக நெட்வொர்க் போட ஒருவர் இரண்டே கால் லட்சத்துக்குக் கொட்டேஷன் தந்திருக்கிறார். சர்வர், ஃபயர்வால், ஆளுயர ரேக், மேனேஜ்டு சுவிட்ச் இரண்டு என்று போகிறது. இவ்வளவும் வேண்டுமா? இன்டர்நெட் பிளானைக் கூட்டினால் சரியாகாதா?

பதில்: ஆகாது. பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300 ஆக்கினாலும் உங்கள் பில் அப்படியேதான் தொங்கும். டேலியின் கணக்கு உங்கள் கடையிலேயே ஒரு கணினியில் இருக்கிறது. மற்ற மூன்றும் அதைத் திறந்து எழுதுகின்றன. அந்தப் போக்குவரத்து கடைக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே போவதே இல்லை. இ-இன்வாய்ஸுக்கும் மெயிலுக்கும்தான் இன்டர்நெட் தேவை. உங்கள் சிக்கல் வைஃபை. பக்கத்துக் கடைகளின் வைஃபையும் வாடிக்கையாளர்களின் போன்களும் ஒரே அலைவரிசையில் மோதும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்து ஒட்டும். வீடியோ பார்ப்பவருக்கு அது தெரியாது. கணக்குக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கணினிக்கு அந்த ஒரு நொடி போதும். சில சமயம் டேட்டாவே கெட்டுப்போகும்.

ஆகவே பில் போடும் கணினி, பிரிண்டர், கேமரா எல்லாம் கேபிளில் வர வேண்டும். வைஃபை போனுக்கு மட்டும். வருகிறவர்களுக்கு வைஃபை தருவதாக இருந்தால் கெஸ்ட் என்று தனியாக வைத்துவிடுங்கள்.

இப்போது கொட்டேஷனுக்கு வருவோம். நான்கு பில்லிங் கணினிகளுக்குத் தனி சர்வர் தேவையில்லை. இருப்பதில் நல்ல கணினியில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, அதற்கு நெட்வொர்க்கில் மாறாத ஐபி முகவரி கொடுத்து, தினமும் வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுங்கள். வெளியிலிருந்து வரும் ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வால் பெட்டி உங்கள் அளவுக்கு வேண்டாம். அது வாங்கியதோடு முடிகிற செலவில்லை, வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதைச் சொல்லி விற்பவர்கள் குறைவு. சுவிட்ச் என்பது எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி. அதில் உள்ளே புகுந்து செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சும் வேண்டாம். 24 போர்ட் உள்ள சாதாரண ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று போதும். கேமராவுக்கு எட்டு பிஓஇ போர்ட் (டேட்டா கேபிளிலேயே கரண்டும் தரும் போர்ட்) உள்ள என்விஆர், அதாவது கேமரா பதிவுப் பெட்டி, வாங்கினால், கேமராக்கள் நேராக அதிலேயே போய்ச் சேர்ந்துவிடும். பில்லிங் பக்கம் வரவே வராது. ஆளுயர ரேக்குக்குப் பதில் சுவரில் மாட்டும் சின்ன ரேக், அதுவும் மாடியில். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதைப் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் சுவிட்சும் யுபிஎஸ்ஸும் வைக்கச் சொல்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

பணத்தைக் கேபிளில் போடுங்கள். சுவிட்ச் கெட்டால் பத்து நிமிடத்தில் மாற்றலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்றக் கடையை மூட வேண்டும். ஏமாற்று வேலை அதிகம் நடப்பதும் இங்கேதான். பெட்டியில் ‘கேட் 6’ என்று கேபிளின் தரத்தைப் பெரிதாக அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். கடைக்காரர்கள் இதை ‘சிசிஏ’ என்பார்கள். செம்பைவிட மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கேமராவுக்குக் கேபிள் வழியே கரண்ட் போகும்போது சூடாகும், கடைசிக் கேமரா இரவில் அணைந்து அணைந்து எரியும். இரண்டு முறை மடக்கினால் கம்பி ஒடியும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது: ஒரு துண்டை வெட்டி, உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளில் ஒன்றின் தோலை உரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் வெள்ளையாகப் பளபளத்தால் அது அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே லேசாக இருக்கும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் உங்கள் எதிரில் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுப்பவரை அனுப்பிவிடுங்கள். கரண்ட் வயர் இழுக்க லைசென்ஸ் கேட்கும் நாட்டில், டேட்டா கேபிள் இழுப்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேபிள் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் பிளையர் வாங்கிய மறுநாள் விசிட்டிங் கார்டு அடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் தாங்க முடியாத கோபம் உண்டு.

‘பாண்டியில் வாங்கினால் வரி கிடையாது’ என்றும் சொல்வார்கள். 2017 ஜூலை முதல் இரண்டு ஊரிலும் ஒரே ஜிஎஸ்டிதான். விலை குறைகிறது என்றால் பில் இல்லை என்று அர்த்தம். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை, நீங்கள் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியும் இல்லை.

எல்லாம் கேபிள் என்றேன். குடோனுக்கு மட்டும் அது பொருந்தாது. தெருவைத் தாண்டினால் அறுபது மீட்டர்தானே, கேபிள் 100 மீட்டர் வரை போகுமே என்று எல்லோரும் செப்புக் கேபிளையே இழுத்துவிடுகிறார்கள். தூரம் இங்கே பிரச்சினையே இல்லை. உங்கள் கடைக்கு ஒரு ஈபி சர்வீஸ், ஒரு எர்த். குடோனுக்கு வேறு சர்வீஸ், வேறு எர்த். இடையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு செப்புக் கம்பி. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினாலே அந்தக் கம்பி வழியாக இரண்டு பக்கச் சுவிட்சும் போய்விடும். அதோடு கோத்த கணினிகளின் போர்ட்டும் போகலாம். ஆகவே இங்கே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. ஆனால் வெளியில் கட்டும் ஃபைபரிலும் இழுவைக்காகப் பெரும்பாலும் ஒரு எஃகுக் கம்பி கூடவே வரும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்த வேண்டும். அப்படியே உள்ளே கொண்டுவந்து ரேக்கில் கட்டினால் ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும். தெருவைக் கடந்து கேபிள் கட்ட அனுமதி கிடைக்கவில்லையா? கேபிள் இல்லாமல் இரண்டு கட்டடத்தையும் இணைக்க, எதிரெதிரே பார்க்கும் இரண்டு வயர்லெஸ் பிரிட்ஜ் மாட்டுங்கள். மாடி உச்சியில் கம்பம் நட்டு அதில் மாட்டக் கூடாது. சன்ஷேடுக்குக் கீழே, திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரோடு மாட்டுங்கள். குடோனில் பில்லிங் நடக்காமல் ஸ்டாக் மட்டும் பார்ப்பதாக இருந்தால் அதுவே போதும்.

வெளிக் கேமராக்களின் இணைப்பை மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். கடல் காற்றில் வெறுமனே தொங்கும் கனெக்டரின் பின்களில் சீக்கிரமே பச்சைப் பூப்பு ஏறிவிடும். அப்புறம் கேமராவையே மாற்றச் சொல்வார்கள்.

ஃபைபர் இன்டர்நெட் அறுந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் வந்து பார்க்காமலே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வரும். டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை, குறித்துவைத்து, அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அப்படி ஒருவர் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அது முடிகிறவரை வியாபாரம் நிற்கக் கூடாது என்றால், வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர் கையிருப்பில் இருக்கட்டும்.

வேலை முடியும் நாளில் இரண்டு காரியம் பாருங்கள். ஒவ்வொரு கணினியிலும் கேபிள் வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று காட்ட வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் பெரும்பாலும் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. அந்த முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். அடுத்து, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடமும், ரவுட்டர், என்விஆர், வைஃபை மூன்றின் பாஸ்வேர்டும் காகிதத்தில் உங்கள் கைக்கு வர வேண்டும். ‘அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சார்’ என்றால், நாளைக்கு ஒரு கேமரா சேர்க்கவும் நீங்கள் அவரிடமே போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கடைசித் தவணையை அந்தக் காகிதம் வந்த பிறகு கொடுங்கள்.