நூல் சுற்றிய மோதிரம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஐப்பசியில் எனக்கு நிச்சயதார்த்தம், தையில் திருமணம். நிச்சயத்தன்று மாற்றிக்கொள்ளும் மோதிரங்களை நானும் அவரும் சேர்ந்து போய், கல் வைக்காமல், ஒரே மாதிரி எடுக்க விரும்புகிறோம். மாப்பிள்ளை மோதிரம் பெண் வீட்டார் போடுவது, அதைப் பெரியவர்கள்தாம் எடுக்க வேண்டும், அரைப் பவுனுக்குக் குறைந்தால் சபையில் நன்றாக இராது என்கிறார் என் அம்மா. இலேசாக இருந்தால்தான் தினமும் போட்டுக்கொள்ள முடியும் என்கிறார் அவர். கடையில் எதைக் கவனித்து வாங்குவது என்றும் தெரியவில்லை. தாங்கள் வழி சொல்ல வேண்டும்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

வாழ்த்துகள். இருவரும் சேர்ந்தே போங்கள். இதைத் தயக்கமின்றிச் சொல்வதற்கான காரணம் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. என் திருமணத்துக்கு மாப்பிள்ளை மோதிரத்தை அப்பா தம் விரலில் போட்டுப் பார்த்து, ஒரு பவுனில், மிகுந்த ஆசையோடு எடுத்துவந்தார். என் கணவரின் விரலில் அது சுழன்றது. அடிப்பக்கத்தில் வெள்ளை நூலைச் சுற்றிச் சபையில் போட்டுக்கொண்டார். குளிக்கும்போதெல்லாம் நூல் நனைந்து அழுக்கேறி, மூன்றாவது வாரமே கழற்றி வைத்துவிட்டார். நகைக்கடையில் மடித்துக் கொடுத்த ரோஸ் தாளிலேயே இன்றும் அது இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், அன்று அவரையும் கடைக்கு அழைத்துப் போயிருக்கலாமே என்று மனம் வருந்துகிறது.

ஆகவே அளவில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். கடையில் வளையங்கள் கோத்த அளவுக் கொத்தை எடுத்துத் தருவார்கள். மூட்டைத் தாண்டும்போது சற்றே தடைபட்டு, தாண்டியபின் அடிவிரலில் நெருடாமல் உட்காருவதுதான் உங்கள் அளவு. குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் பருக்கும். குளிரூட்டிய கடைக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்தபின் எடுத்த அளவை மட்டும் நம்பாமல், வேறொரு நாள் மாலையில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையான மோதிரம் மெல்லியதைவிட இறுக்கமாகத் தெரியும் என்பதால், எடுக்கப்போகும் அகலத்திலேயே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கல் இல்லாமல் எடுப்பது என்ற உங்கள் முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகோ வயது ஏறியோ விரல் பருத்தால், வெறும் வளையத்தைப் பட்டறையில் வெட்டிப் பெரிதாக்கித் தருவார்கள், சுற்றிலும் கல் பதித்ததில் அது எளிதன்று.

எடையைப் பொறுத்தவரை, அரைப் பவுன் என்பது 4 கிராம். 3 கிராமிலேயே உறுதியான மோதிரம் கிடைக்கும். ஆனால் 2 கிராமுக்குக் கீழே இறங்காதீர்கள். அதற்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. முத்திரை இல்லாமலே விற்கலாம். உள்பக்கத்தில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 22 காரட் என்றால் 916 என்ற தர எண், பிறகு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளக் குறியான எச்யூஐடி. கடையில் இருக்கும்போதே பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்துப் பார்த்துவிடுங்கள். அன்றைய கிராம் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது செய்கூலியும் சேதாரமும். தெற்காவணி மூல வீதியில் மூன்று கடை ஏறி இறங்கி, இவையும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து மொத்தம் என்ன ஆகிறது என்று எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். சேதாரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அம்மாவோடு வாதாட வேண்டாம், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் வீட்டார் போடுவது என்பதுதான் வழக்கம். அதை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் வழக்கம் குறுக்கிடவில்லை. பணத்தை அம்மா கொடுக்கட்டும், தாம்பாளத்தில் அவரே வைக்கட்டும். மாப்பிள்ளை தம் விரலில் போட்டு நிறைவோடு பார்ப்பதை நேரில் கண்டால், 3 கிராமா 4 கிராமா என்ற பேச்சை அவரே விட்டுவிடுவார் என்று நம்புகிறேன்.

உள்பக்கத்தில் பெயர் பொறிக்க எண்ணமிருந்தால், நிச்சயத்துக்கு ஒரு மாதம் முன்பே மோதிரத்தை வாங்கி, வீட்டில் ஒரு வாரம் போட்டிருந்து, அளவு சரிதான் என்று உறுதியான பிறகு பொறிக்கக் கொடுங்கள். பொறித்தபின் வெட்டி ஒட்ட நேர்ந்தால் எழுத்து சிதைந்துவிடும்.

அன்புடன்.