கேள்வி – பதில்: மண்ணில்லாத மாடியில் பெரணி

கேள்வி: எங்கள் வீட்டு மூன்றாவது மாடியில், மழைநீர்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் பெரணி முளைக்கிறது. பிடுங்கினாலும் மறுபடி வந்துவிடுகிறது. அவ்வளவு உயரத்துக்கு விதை எப்படிப் போனது? ஆசிட் ஊற்றலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பெரணிக்கு விதையே கிடையாது. முற்றிய இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகளோ, ஓரமாக ஒரு பழுப்புக் கோடோ தெரியும். அவை ஸ்போர்ப் பைகளின் கூட்டம். விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்ணிய தூள்தான் ஸ்போர். பெரும்பாலான வகைகளில் ஒரு பைக்கு 64 ஸ்போர்கள். வெயிலில் பையின் விளிம்பு காய்ந்து பின்னால் வளைந்து, சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும்போது ஸ்போர்கள் கவணிலிருந்து கிளம்பிய கல்லாகப் பறக்கின்றன. தூசியளவு துகள், காற்றுக்கு மூன்றாவது மாடி ஒரு தூரமா? 1883-ல் எரிமலை வெடித்து மொட்டையாகிப்போன இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா தீவில் மூன்றே ஆண்டுகளில் 11 வகைப் பெரணிகள் இருந்தன. அத்தனையும் கடல் தாண்டி வந்தவை.

ஸ்போர் விழுந்ததும் செடி வந்துவிடாது. முதலில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று சுவரோடு ஒட்டி வளரும். அதில் உண்டாகும் ஆணணு, நீர்ப்படலத்தில் நீந்தித்தான் முட்டையை அடைய முடியும். ஆக, பெரணி நிற்கும் இடம் பல வாரங்கள் ஈரம் காயாமல் இருந்திருக்கிறது. உங்கள் குழாய் மூட்டு கசிகிறது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். அது காரையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து விரிசலை அகலமாக்கும், அடுத்த ஸ்போருக்கு இன்னும் நல்ல இடம் கிடைக்கும். உப்பும் கூடாது, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். இலையை மட்டும் பிடுங்கினால் விரிசலுக்குள் இருக்கும் தண்டு தப்பித்துத் திரும்பத் தழைக்கும். சிற்றுளியால் 2 செ.மீ. ஆழம்வரை காரையைச் சுரண்டித் தண்டையும் வேரையும் எடுங்கள். கசிவை அடைத்து, வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்டு, பிறகு 1 பங்கு சிமென்ட்டுக்கு 3 பங்கு மணல் கலந்து பூசுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரென்றால் சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். அங்கே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் காரை உதிரும்.

கேள்வி: மாமரக் கிளையில் முடவாட்டுக்கால் படர்ந்திருக்கிறது. மரத்தை உறிஞ்சுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: உறிஞ்சாது. புல்லுருவி மரத்துக்குள் வேர் இறக்கும். முடவாட்டுக்காலும் ஒரு பெரணிதான், இது பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இதற்கு இரண்டு விதமான இலைகள். நீளமான பச்சை இலை உணவு சமைக்கிறது. அடியில் இருக்கும் பழுப்பு நிற இலை காய்ந்துபோன சருகு என்று நினைத்துப் பலர் பிய்த்துவிடுகிறார்கள். அதுதான் இதன் மண்தொட்டி! உதிரும் சருகையும் தூசியையும் பிடித்துவைத்து மட்கச் செய்கிறது, வேர் அதில் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் செடி பட்டினி. கிளை ஏற்கெனவே பட்டுப்போயிருந்தால் மட்டும் பாரம் கருதி வெட்டலாம். சூப்புக்காகக் கிழங்கை எடுப்பவர்கள், ரோமம் அடர்ந்த வளரும் நுனியைக் கொஞ்சம் விட்டுவைத்து வெட்டுங்கள். கொல்லிமலைப் பாறையில் அடியோடு பெயர்த்தால் அந்த இடம் மறுபடி பிடிக்க வெகுகாலம் ஆகும்.

கேள்வி: ஸ்போரிலிருந்து வீட்டில் வளர்க்க முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: முடியும், பொறுமை வேண்டும். பழுப்புப் புள்ளி முற்றிய இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து மூடி 2 நாள் வையுங்கள். தாளை மெல்லச் சாய்த்தால் காலிப் பைகளின் உமி உருண்டுவிடும், ஒட்டி நிற்கும் தூள்தான் ஸ்போர். அரைச் செங்கல்லில் கொதிநீர் ஊற்றி, ஆறிய பின் 2 செ.மீ. தண்ணீருள்ள தட்டில் வைத்து ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். நெருக்கித் தூவினால் பெரும்பாலும் ஆண் தகடுகளே உண்டாகிச் செடி வராது. சில வாரங்களில் பச்சைப் படலம் தெரியும். தகடுகள் விரிந்த பிறகு, கொதித்து ஆறிய நீரை வாரம் ஒருமுறை தெளியுங்கள். மூடியைத் திறந்தே வைத்தால் பாசி முந்திக்கொள்ளும்.