ஷீல்டு போட்டால் பால் வற்றிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 26. முதல் குழந்தை, சிசேரியன். பாப்பா பிறந்தபோது 2.9 கிலோ. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.7. நேற்று, 11-ஆம் நாள், எடை பார்த்தோம்: 2.76. எனக்கு இடப்பக்கக் காம்பு தட்டை, வலப்பக்கம் கொஞ்சம் உள்ளே இழுத்த மாதிரி இருக்கிறது. பாப்பா கவ்வ முடியாமல் கத்தினாள். ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் நிப்பிள் ஷீல்டு (பால் கொடுக்கும்போது காம்பின் மேல் மாட்டும் உறை) வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதைப் போட்டால் முக்கால் மணி நேரம் சப்புகிறாள், அப்படியே தூங்கிவிடுகிறாள், அரை மணி நேரத்தில் மறுபடி அழுகிறாள். நாளைக்கு நாலைந்து முறைதான் சிறுநீர் போகிறாள். பக்கத்து வீட்டு அக்கா, ‘அதைப் போட்டால் பால் வற்றிப்போகும்’ என்கிறார். மாமியார், ‘பவுடர் பால் கொடுத்துவிடலாம்’ என்கிறார். ஷீல்டு போடலாமா, கூடாதா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் உறுத்தியது அந்த எடைதான். ஆறு நாளில் 60 கிராம் ஏறியிருக்கிறாள். பால் நன்றாக இறங்குகிற குழந்தை இந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். அந்தக் கணக்கில் 120-க்குக் குறையக் கூடாது. சிறுநீரும் அப்படித்தான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாக நனைய வேண்டும். நாலைந்து போதாது. முக்கால் மணி நேரம் சப்பிவிட்டு அரை மணியில் அழுகிறாள் என்றால் சப்புகிற வேலை நடக்கிறது, வயிறு நிறையவில்லை.

அதனால் நாளை வரை தள்ளாமல் இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். துணி இல்லாமல், அதே தராசில் எடை பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இருந்து நாக்கைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில குழந்தைகள் கவ்வாததற்கு அம்மாவின் காம்பு காரணமே இல்லை, இந்தச் சவ்வுதான்.

இனி ஷீல்டு விஷயம். பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. முன்பெல்லாம் வந்தவை தடித்த ரப்பரால் ஆனவை. 1980-இல் பிரிட்டனில் அளந்து பார்த்தபோது, அந்தப் பழைய வகையைப் போட்டால் குழந்தைக்குப் போகும் பால் பாதிக்கும் கீழே குறைந்தது. இப்போதிருக்கும் மெல்லிய சிலிக்கான் ஷீல்டு வேறு சரக்கு. 2000-இல் அமெரிக்காவில் 34 குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஷீல்டு இல்லாமல் ஒரு வேளைக்குச் சராசரியாக 3.9 மி.லி. குடித்தவர்கள், ஷீல்டோடு 18.4 மி.லி. குடித்தார்கள். உங்கள் மகள் குறைமாதக் குழந்தை இல்லை என்பதால் இந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் ஷீல்டு என்றாலே பால் வற்றும் என்ற பேச்சு சரியில்லை என்பதற்கு இது போதும்.

அப்புறம் ஏன் சிலருக்கு வற்றுகிறது? இறைக்கிற கிணறுதான் ஊறும். ஷீல்டை நுனியில் தொப்பி மாதிரி வைத்துவிட்டால் குழந்தை அந்தச் சிலிக்கான் முனையை மட்டும் சப்பும். பால் வர வேண்டுமானால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் நல்ல பங்கு குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். போகாவிட்டால் பால் மார்பிலேயே தங்கும். தங்கினால், ‘இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது’ என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் கையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். கெட்டி பிளாஸ்டிக் அடிப்பாகத்தில் பாட்டில் ரப்பரைச் செருகியது மாதிரி ஒன்றை மெடிக்கல் ஷாப்பில் ‘இதுதாம்மா நிப்பிள் ஷீல்டு’ என்று கொடுப்பதுண்டு. அதுவாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். வேண்டியது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மெல்லிய சிலிக்கான். பெரும்பாலும் 16, 20, 24 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். உங்கள் காம்பு உள்ளே நெருக்குப்படாமல் அசைய வேண்டும், குழந்தைக்குக் குமட்டலும் வரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் அளவு சரி. பால் கொடுத்து முடித்ததும் காம்பு வெளுத்தோ நசுங்கியோ இருந்தால் ஷீல்டு சின்னது, அல்லது வைத்த விதம் தவறு.

வைக்கும் விதத்தைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஷீல்டின் ஓரத்தை வெந்நீரில் நனையுங்கள். சட்டைக் கையை மடிப்பது போல முனையைப் பாதி வரை உள்வெளியாகத் திருப்புங்கள். அந்த நிலையில் காம்பின் மேல் நடுவாக வைத்து, ஓரத்தை வெளிப்பக்கமாக நீவிவிடுங்கள். திருப்பிய பகுதி நிமிரும்போது காம்பைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு உங்களுக்கே தெரியும். தெரியவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஓரத்தில் வெட்டு இருக்கும் வகையானால் அந்த வெட்டு குழந்தையின் மூக்கு வரும் பக்கம் இருக்கட்டும். முனைக்குள் இரண்டு சொட்டுப் பாலைப் பிழிந்துவிட்டால் முதல் சப்பிலேயே ருசி தெரிந்துவிடும். பிறகு குழந்தை வாயை நன்றாகத் திறக்கும் வரை காத்திருந்து மார்போடு அணையுங்கள். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், முகவாய் மார்பில் பட வேண்டும், உதடுகள் முனையோடு நின்றுவிடாமல் அகன்ற அடிப்பகுதி வரை வர வேண்டும். தையல் வலிக்கிறது என்றால் குழந்தையைக் கக்கத்துக்கு அடியில் இடுக்கி, கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடித்துக்கொள்ளுங்கள். வயிற்றில் பாரம் விழாது.

பால் இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளக் காதையும் கையையும் நம்புங்கள். இரண்டு மூன்று சப்புக்கு ஒருமுறை ‘க்ஹ’ என்று விழுங்கும் சத்தம் வர வேண்டும். குடித்து முடித்ததும் மார்பு இளகியிருக்க வேண்டும். ஷீல்டைக் கழற்றினால் முனையில் பால் தெரிய வேண்டும். மணிக்கணக்கு பார்க்காதீர்கள், பத்து நிமிடத்தில் நிறைய குடிக்கும் குழந்தையும் உண்டு, ஒரு மணி நேரம் சும்மா சப்பும் குழந்தையும் உண்டு.

எடை சீராக ஏறத் தொடங்கும் வரை ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த பிறகு கையாலோ பம்பாலோ பாலைப் பிழிந்து, பாலாடையில் கொடுங்கள். சங்கு இருந்தாலும் சரி, நன்றாகக் கழுவி வெந்நீரில் கொதிக்கவைத்தது. பாட்டில் வேண்டாம். கையால் பிழிவதானால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கருவட்டத்தின் விளிம்பில் இருக்கட்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேருங்கள். காம்பையே பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். இரவில் ஒருமுறையாவது பிழிவதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தூங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆகவே அந்த ஒரு முறை பாலாடை பிடிக்கும் வேலையைக் குழந்தையின் அப்பாவிடம் ஒப்படையுங்கள்.

மாமியார் சொன்னதற்கு வருவோம். அவர் குழந்தையின் பசியைப் பார்த்துத்தான் சொல்கிறார், கோபப்பட வேண்டாம். பிழிந்த பால் போதாமல் எடை ஏறவில்லை என்றால், மருத்துவர் சொல்லும் அளவுக்குக் கொஞ்ச நாள் பவுடர் பால் சேர்ப்பதில் குற்றமில்லை. பட்டினி போட்டுத் தாய்ப்பாலைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அதையும் பாலாடையில் கொடுங்கள், நீங்கள் பிழிவதையும் நிறுத்தாதீர்கள். சீனித் தண்ணீர், தேன் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஷீல்டை விடுவது எப்போது? எடை தினமும் ஏறிக்கொண்டிருந்தால் அவசரமே இல்லை. பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் விட்டுப்போகிறது, சிலர் மாதக்கணக்கில் போட்டும் குழந்தை நன்றாகத்தான் வளர்கிறது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை முயன்று பாருங்கள். குழந்தை பசியில் வீறிடும்போது அல்ல, பாதித் தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டும்போது. ஷீல்டோடு ஆரம்பித்து, பால் வேகமாக இறங்கத் தொடங்கியதும் சட்டென்று கழற்றி அதே பக்கத்தில் அணையுங்கள். கவ்வாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், மறுபடி போட்டுவிடுங்கள். மகளை டயப்பரோடு மட்டும் உங்கள் வெறும் மார்பில் படுக்கவைத்திருந்தால் தானாகவே தேடிப் போய்க் கவ்வும் நாளும் வரும். ஷீல்டின் முனையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், வெட்டிய சிலிக்கான் விளிம்பு வாயைக் கிழிக்கும்.

உள்ளே இழுத்த வலப்பக்கத்துக்கு நம் ஊரில் பழகிப்போன சிரிஞ்ச் வைத்தியம் உண்டு. புது 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, உள்தண்டை அந்த வெட்டிய பக்கம் வழியாகச் செருக வேண்டும். வழுவழுப்பான பக்கம் மார்பில் இருக்க, பால் கொடுக்கும் முன் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். வலித்தால் உடனே தளர்த்துங்கள். முதல் தடவை நர்ஸ் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்து காட்டினால் நல்லது.

ஷீல்டை ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் கழுவி அலசுங்கள், நாளுக்கு ஒருமுறை கொதிக்கவையுங்கள்.

பாப்பா எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, டயப்பரில் செங்கல் நிறக் கறை தெரிந்தாலோ, மஞ்சள் கால் வரை இறங்கினாலோ, உடம்பு சுட்டாலோ, அல்லது வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டாலோ இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உங்களுக்குக் காய்ச்சலோடு மார்பில் ஓரிடம் சிவந்து கட்டியாக வலித்தால் நீங்களும் காட்ட வேண்டும். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

இன்று பார்க்கும் எடையையும் மூன்று நாள் கழித்துப் பார்க்கும் எடையையும் எழுதி அனுப்புங்கள். கையில் இருக்கும் ஷீல்டின் அளவையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.